நடவு நெல்லில் களைக்கொல்லி: நாளும் தண்ணீரும் பிசகாமல் பயன்படுத்தும் முறை

நடவு வயலில் களைக்கொல்லி பலன் தராதபோது பழி பெரும்பாலும் மருந்தின் மேல்தான் விழுகிறது. மருந்து போலி என்பார்கள், வீரியம் குறைவு என்பார்கள், அடுத்த பருவத்தில் வேறு பெயருள்ள மருந்தை வாங்குவார்கள். ஆனால் அந்த வயலுக்குள் இறங்கிப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். மருந்து இட வேண்டிய நாள் நான்கைந்து நாள் தள்ளிப் போயிருக்கும். அல்லது மருந்து இட்ட அன்று இரவே வரப்பிலிருந்த நண்டு வளை வழியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்கு வடிந்திருக்கும். அல்லது வயல் மேடும் பள்ளமுமாக இருந்து, தண்ணீர் ஏறாத மேட்டில் மட்டும் குதிரைவாலி திட்டுத் திட்டாகக் கிளம்பியிருக்கும். ஆகவே எந்த மருந்து என்று கேட்பதற்கு முன், எந்த நாளில், எவ்வளவு தண்ணீரில் என்று கேட்பதே முறை. இக்கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

நடவு தரும் முன்தொடக்கம்

விதைத்த நெல்லுக்கு இல்லாத ஓர் அனுகூலம் நட்ட நெல்லுக்கு உண்டு. நாற்றங்காலில் 20 முதல் 25 நாள் வளர்ந்த நாற்று வயலுக்கு வரும்போது, அங்குள்ள களை விதைகள் அப்போதுதான் முளைக்கத் தொடங்குகின்றன. இந்த வயது வித்தியாசத்தை நம்பியே முளைக்குமுன் இடும் களைக்கொல்லிகள் வேலை செய்கின்றன. பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்றவை மண்ணின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து, அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் இளம் முளையின் வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. வேர் பிடித்து நிற்கும் நாற்றை அவை, சரியான அளவில் இட்டால், பெரிதாகப் பாதிப்பதில்லை. அதே பிரெட்டிலாகுளோரை நேரடி விதைப்பு வயலில் அப்படியே இட்டால் நெல் முளையும் சேர்ந்து கருகும். நேரடி விதைப்புக்கு, நெல் முளையை மருந்தின் தாக்கத்திலிருந்து காக்கும் பொருள் கலந்த தனித் தயாரிப்பு இருக்கிறது. வாங்கும்போது 'நடவு நெல்லுக்கு' என்று டப்பாவில் ஒட்டிய சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நட்டதிலிருந்து சுமார் 15 முதல் 45 நாள் வரை நெல் தூர் கட்டும் காலம். இந்தக் காலத்தில் களையுடன் போட்டியிட்டு இழந்த தூர்களைப் பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் மீட்க முடியாது. எனவே களைக் கட்டுப்பாட்டுத் திட்டம் முழுவதும் இந்த 45 நாளைக் காப்பாற்றும் நோக்கத்தோடு அமைய வேண்டும்.

களையை அறிதல்

நெல் வயலின் களைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பது மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இன்றியமையாதது: குதிரைவாலி போன்ற புல் வகைகள், கோரை வகைகள், ஆராக்கீரை, கரிசலாங்கண்ணி, நீர்க்கிராம்பு, நீர்மேல்நெருப்பு போன்ற அகன்ற இலைக் களைகள். கோரையை அடையாளம் காண்பது எளிது. தண்டை இரு விரல்களுக்கு இடையே வைத்து உருட்டினால் மூன்று பட்டைகள் தட்டுப்படும். ஆராக்கீரையின் நான்கு இலை விரிப்பும் எவருக்கும் தெரிந்ததுதான்.

குழப்பம் தருவது குதிரைவாலி. இளம் பருவத்தில் அது நெல்லோடு நெல்லாக நிற்கும். களை எடுக்கும் அனுபவசாலிகளின் கண்ணுக்கும் சில நேரம் தப்பிவிடும். ஐயம் வந்தால் ஓர் இலையைப் பிடித்து, அது தண்டைத் தழுவும் இடத்தில் மெல்ல வெளிப்புறமாக மடக்கிப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அந்த மடிப்பில் வெண்மையான, மெல்லிய, தாள் போன்ற நாக்கு ஒன்று மேல்நோக்கி நிற்கும். அதன் இரு பக்கமும் மயிர் முளைத்த சிறு கொக்கிகள் தண்டைப் பற்றியிருக்கும். குதிரைவாலியில் நாக்கும் இல்லை, கொக்கியும் இல்லை. அந்த இடம் வழவழப்பாக, வெறுமையாக இருக்கும். நாற்றங்காலிலேயே இந்தச் சோதனையைச் செய்து குதிரைவாலி நாற்றுகளை நீக்கிவிடுவது மிகவும் நல்லது. நாற்று முடிச்சோடு சேர்ந்து நடப்பட்ட குதிரைவாலிக்கு, நெல் நாற்றுக்கு உள்ள அதே முன்தொடக்கம் கிடைத்துவிடுகிறது. முளைக்குமுன் இடும் எந்த மருந்தும் அதை ஒன்றும் செய்யாது.

களைநெல் எனப்படும் காட்டு நெல் கலப்பு தனிச் சிக்கல். அதுவும் நெல்லே என்பதால், சாதாரண இரகங்கள் நட்ட வயலில் அதை மட்டும் தேர்ந்து கொல்லும் மருந்து கிடையாது. தூய விதையும், வரிசைக்கு வெளியே நிற்பதைக் கையால் பிடுங்குவதுமே வழி.

மருந்துக்கு முன் மண்

தொழி உழவும் பரம்படிப்பும் களைக் கட்டுப்பாட்டின் முதல் பகுதி என்றே நான் கருதுகிறேன். நடவுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தண்ணீர் கட்டி ஓர் உழவு போட்டு, களை விதைகளை முளைக்க விட்டு, பிறகு மறு உழவில் அவற்றைச் சேற்றுக்குள் மடக்கினால், மேல் மண்ணில் இருக்கும் விதைகளில் கணிசமான பங்கு நடவுக்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அதன்பின் சமன்படுத்துதல். இதில் காட்டும் சோம்பலுக்கு எந்த மருந்தும் ஈடு செய்யாது. ஏனென்றால் முளைக்குமுன் இடும் மருந்தைப் பரப்புவது உங்கள் கை மட்டுமல்ல, நிற்கும் தண்ணீரும்தான். தண்ணீர் எட்டாத மேட்டுக்கு மருந்தும் எட்டாது; பள்ளத்தில் தேங்கும் ஆழத் தண்ணீரில் மெலிந்த நாற்று மருந்தோடு சேர்ந்து மூழ்கிச் சுணங்கும். கடைசிப் பரம்பு அடித்த பின் தண்ணீரை மெல்லியதாக நிறுத்திப் பார்த்தால் எங்கே சேறு தலை தூக்குகிறது என்று கண்ணுக்கே தெரியும். அந்த இடங்களை அப்போதே இழுத்துச் சமப்படுத்திவிட வேண்டும்.

வரப்புகளைச் சேறு பூசி அணைப்பதும், நண்டு வளைகளை அடைப்பதும் நடவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதல் மருந்து: நட்ட மூன்றாம் நாள்

நட்ட 3 முதல் 5 நாளுக்குள் முதல் மருந்து வயலில் விழுந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு களை விதை முளைக்கும் வேகத்தை ஒட்டி அமைந்தது. குதிரைவாலி ஓர் இலையைத் தாண்டி இரண்டாம் இலையை விரித்துவிட்டால் பூட்டாகுளோரும் பிரெட்டிலாகுளோரும் அதன்முன் வலுவிழந்துவிடும். கடைசி உழவுக்கும் நடவுக்கும் இடையே ஆள் கிடைக்காமல் நாட்கள் ஓடியிருந்தால், களைகள் அந்த நாட்களிலேயே முளைவிடத் தொடங்கியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, மூன்றாம் நாளைத் தள்ளாதீர்கள்.

பரவலாகப் பரிந்துரைக்கப்படும் அளவுகள் இவை. 50 சதவீதப் பூட்டாகுளோர் திரவம் ஏக்கருக்கு 1 லிட்டர். அல்லது 50 சதவீதப் பிரெட்டிலாகுளோர் ஏக்கருக்கு 600 மில்லி. அல்லது 10 சதவீதப் பைரசோசல்ஃபூரான் எத்தில் தூள் ஏக்கருக்கு 60 முதல் 80 கிராம். பென்சல்ஃபூரான் மெத்திலும் பிரெட்டிலாகுளோரும் சேர்ந்த 6.6 சதவீதக் குருணை ஏக்கருக்கு 4 கிலோ. பூட்டாகுளோரும் பிரெட்டிலாகுளோரும் புல் வகைகளையே அதிகம் தாக்கும். பைரசோசல்ஃபூரானும் பென்சல்ஃபூரானும் கோரை, அகன்ற இலைக் களைகளின் மேல் வலுவானவை. முந்தைய பருவத்தில் மூன்று வகையும் கலந்து வந்த வயலுக்குக் கூட்டுக் குருணை பொருத்தம் என்பது என் கருத்து. குருணையைக் கையாள்வதும் எளிது. கையிலிருக்கும் தயாரிப்பின் வீரியம் மேலே சொன்னதிலிருந்து மாறுபட்டால் அளவும் மாறும், ஆகவே சீட்டில் அச்சிட்ட அளவே இறுதியானது.

அளவைத் தாமே கணக்கிட விரும்புவோருக்கு ஒரு சூத்திரம் உண்டு. பரிந்துரையில் எக்டருக்கு இத்தனை கிராம் மூல மருந்து (தயாரிப்பில் களையைக் கொல்லும் பொருள் மட்டும்) என்று சொல்லியிருந்தால், அதை 100-ஆல் பெருக்கி, தயாரிப்பின் சதவீதத்தால் வகுக்க வேண்டும். பிரெட்டிலாகுளோரின் 750 கிராம் என்பது 50 சதவீதத் தயாரிப்பில் எக்டருக்கு 1,500 மில்லியாகும். ஒரு எக்டர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்பதால் ஏக்கருக்கு 600 மில்லி.

திரவ மருந்தை மணலில் கலந்து தூவுவதே நடவு வயலில் வழக்கம். ஏக்கருக்கு 20 கிலோ உலர்ந்த மணல் போதும். நிழலான இடத்தில் தார்ப்பாயை விரித்து மணலைப் பரப்பி, மருந்தைச் சிறிது தண்ணீரில் கரைத்து மணல் மேல் சீராகத் தெளித்து, கையுறை அணிந்த கையாலோ மண்வெட்டியாலோ நிறம் ஒன்றாகும் வரை புரட்ட வேண்டும். அன்று கலந்ததை அன்றே தூவி முடியுங்கள். வயலை நான்கு பாகமாக மனத்தில் பிரித்து, மணலையும் நான்கு பங்காகப் பிரித்துக்கொண்டால், முதல் பாதியில் கை தாராளமாகிக் கடைசிப் பாதியில் மணல் பற்றாமல் போகும் வழக்கமான பிழை நேராது. காற்று வீசும் நேரத்தில் தூவக் கூடாது.

இனித் தண்ணீர். தூவும்போது வயலில் 2 முதல் 3 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும்; விரலைச் சேற்றின் மேல் வைத்தால் ஒரு கணு மூழ்கும் அளவு. தூவிய பின் குறைந்தது இரண்டு மூன்று நாளைக்கு மடையை அடைத்து வைக்க வேண்டும்: தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதிதாகப் பாய்ச்சி வழிய விடவும் கூடாது. இந்த நாட்களில்தான் மருந்து தண்ணீரிலிருந்து மண்ணில் இறங்கிப் படலம் கட்டுகிறது. வடித்தால் படலம் கட்டும் முன்பே மருந்து வெளியேறிவிடும். காய விட்டுச் சேறு வெடித்தால் படலத்தில் விரிசல் விழுந்து அந்த விரிசல் வழியே களை கிளம்பும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சிலரே யோசிக்கிறார்கள்: பூட்டாகுளோர் மீன்களுக்குக் கடும் நஞ்சு. வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போய்ச் சேரும் தண்ணீரில் அது கலந்துவிடாமல் காப்பது மருந்து இடுபவரின் கடமை. பெருமழை வரும் அறிகுறி இருந்தால் ஒரு நாள் பொறுங்கள். ஐந்தாம் நாள் வரை இடம் இருக்கிறது.

இரண்டாம் மருந்து: தேவை இருந்தால் மட்டும்

நட்ட 15-ஆம் நாள் வயலைச் சுற்றி வரப்பில் நடந்தால் போதாது. உள்ளே இறங்கிக் குறுக்காக நடந்து பாருங்கள். முதல் மருந்து சரியாக வேலை செய்திருந்தால் ஆங்காங்கே சில களைகளே இருக்கும். அவற்றை ஒரு கைக்களையோ கோனோ களைக்கருவியோ தீர்த்துவிடும். வரிசை நடவு செய்தவர்களுக்குக் கருவியே மேல் என்பேன், ஏனெனில் அது களையை அழுத்துவதோடு சேற்றையும் கிளறிவிடுகிறது. முதல் மருந்து தவறிய வயலுக்கும், தப்பிய களைகள் பரவலாக நிற்கும் வயலுக்கும்தான் முளைத்தபின் தெளிக்கும் மருந்து வேண்டும்.

எல்லா வகையும் கலந்து நின்றால், 10 சதவீதப் பிஸ்பைரிபேக் சோடியம் ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, நட்ட 15 முதல் 20 நாளுக்குள், களை 2 முதல் 4 இலையில் இருக்கும்போது தெளிக்கலாம். இது குதிரைவாலியை நன்கு அடக்கும்; ஆனால் லெப்டோகுளோவா எனப்படும், மெல்லிய செந்நிறக் கதிர் விடும் புல்லை இது சரிவரக் கட்டுப்படுத்தாது. அந்தப் புல் மிகுந்த வயலுக்கு, புல் வகைகளை மட்டும் தாக்கும் 10 சதவீதச் சைஹாலோஃபாப் பியூட்டைல் ஏக்கருக்கு 300 முதல் 320 மில்லி பொருந்தும். ஆராக்கீரையும் கோரையும் மட்டுமே மிஞ்சியிருந்தால் மெட்சல்ஃபூரான் மெத்திலும் குளோரிமியூரான் எத்திலும் சேர்ந்த 20 சதவீதத் தூள் ஏக்கருக்கு வெறும் 8 கிராம், அதனுடன் வரும் ஒட்டுதிரவத்தோடு போதும். இல்லையேல் 80 சதவீத 2,4-டி சோடியம் உப்பு ஏக்கருக்கு 500 கிராம், நட்ட மூன்று வாரத்துக்குப் பின். 2,4-டியை அதற்கு முன்பே தெளித்தால் இளம் நெல்லின் இலைகள் விரியாமல் வெங்காயத் தாள் போலக் குழலாகச் சுருண்டுவிடும். கதிர் உருவாகத் தொடங்கிய பின் தெளித்தால் மணி பிடிப்பது கெடும். இடைப்பட்ட தூர் கட்டும் காலமே அதற்கு உரியது. சைஹாலோஃபாப்பையும் 2,4-டியையும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். 2,4-டி கூடும்போது சைஹாலோஃபாப் புல்லைக் கொல்லும் திறனை இழக்கிறது. இரண்டும் தேவையானால் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

முளைத்தபின் தெளிக்கும் மருந்துக்குத் தண்ணீர் விதி நேர்மாறாகும். மருந்து இலையில் படவேண்டும் என்பதால் முதல் நாளே தண்ணீரை வடித்து, களையின் இலைகள் முழுவதும் வெளியே தெரியும்படி, சேறு மட்டும் ஈரமாக இருக்கும் நிலையில் தெளிக்க வேண்டும். தெளித்த பின் ஆறு மணி நேரமாவது மழை இல்லாதிருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மீண்டும் தண்ணீர் கட்டி, ஒரு வாரத்துக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மறு நீர்ப்பாய்ச்சலை மறந்துவிடுவதே மிகவும் பரவலான தவறு: பழைய களை வாடும், திறந்து கிடந்த ஈரமண்ணில் புதிய களை முளைக்கும்.

தெளிப்பானுக்கு விசிறி வடிவில் பீச்சும் நாசில் வேண்டும். பூச்சிமருந்துக்குப் பயன்படும் கூம்பு நாசில் நுண்திவலைகளாகப் பீச்சி மருந்தைக் காற்றில் சிதறடிக்கும். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதை அனுமானிக்காமல் அளந்துகொள்ளுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடத்தைக் குச்சி நட்டு அடையாளமிட்டு, வெறும் தண்ணீரை வழக்கமான நடையில், நாசிலை இடம் வலமாக ஆட்டாமல் ஒரே உயரத்தில் பிடித்துத் தெளித்துப் பாருங்கள். 4 லிட்டர் செலவானால், ஏக்கர் என்பது அப்படிப்பட்ட சுமார் 40 கட்டங்கள் ஆகையால், ஏக்கருக்கு 160 லிட்டர் பிடிக்கும். 16 லிட்டர்த் தொட்டியால் பத்துத் தொட்டி. 100 மில்லி மருந்தைத் தொட்டிக்கு 10 மில்லியாகப் பிரித்துவிடலாம். ஏக்கருக்கு 8 கிராம் மட்டுமே வேண்டிய தூளைத் தொட்டி வாரியாக எடை போட இயலாது. ஆகவே 8 கிராமையும் ஒரு லிட்டர் தண்ணீரில் நன்கு கரைத்து வைத்துக்கொண்டு, தொட்டிக்கு 100 மில்லியாக, ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு ஊற்றுங்கள்.

2,4-டி தெளிக்கும்போது பக்கத்து வயலில் பருத்தி, தக்காளி, கத்தரி, பயறு வகைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காற்றில் மிதந்து செல்லும் சிறிதளவு மருந்தே அவற்றின் இலையைக் கோணலாக்கிவிடும். அடுத்தவர் பயிருக்கு நேரும் இந்தச் சேதம் முழுக்கத் தவிர்க்கக்கூடியது. களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் சோப்புத் தூள் கரைத்த நீரால் தொட்டி, குழாய், நாசில் மூன்றையும் பலமுறை கழுவிய பிறகே வேறு பயிருக்கு எடுக்க வேண்டும். கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றக் கூடாது.

கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காலுறைக் காலணி ஆகியவை எல்லா மருந்துக்கும் பொது. சேற்றில் காலணி சிரமம்தான். ஆனால் தண்ணீர் சேர்க்காத மருந்தை அளந்து கலக்கும் நேரமே ஆபத்து மிகுந்தது என்பதால், அப்போதாவது கையுறையைத் தவிர்க்கவே கூடாது. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்புத் தொட்டியிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட்டு வீட்டுப் புழக்கத்துக்கு உதவாதபடி செய்துவிடுங்கள்.

தெளித்த பின் பார்க்க வேண்டியவை

பிஸ்பைரிபேக், பைரசோசல்ஃபூரான், மெட்சல்ஃபூரான் ஆகிய யாவும் களையின் உள்ளே அமினோ அமில உற்பத்தியை நிறுத்தும் மருந்துகள். வளர்ச்சி விரைவில் நின்றாலும் களை பழுத்துச் சாய இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாள் பச்சையாக நிற்கிறதே என்று பதறி மறுபடி தெளித்தால் செலவும் கூடும், பயிரும் சுணங்கும். பிஸ்பைரிபேக் தெளித்த வயலில் நெல் ஒரு வாரம் சற்று வெளிறலாம். அது தானே தெளிந்துவிடும். சைஹாலோஃபாப் தெளித்திருந்தால் பத்து நாள் கழித்துப் புல்லின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அடி அழுகி எளிதாகக் கையோடு வந்தால் புல் இறந்துவிட்டது, வெளி இலை பச்சையாக இருந்தாலும் கவலை இல்லை.

ஒரே வகை மருந்தைப் பருவந்தோறும் இடுவதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா நெல் வயல்களில் 1989-இல் பென்சல்ஃபூரான் புழக்கத்துக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே, 1990-களின் தொடக்கத்தில், அதற்கு மசியாத கோரை அங்கே கண்டறியப்பட்டது. மருந்தின் பெயரை மாற்றினால் போதாது, செயல்படும் வகையை மாற்ற வேண்டும். பல நாடுகளின் சீட்டுகளில் இதற்கான வகை எண் அச்சிடப்படுகிறது: பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் 15, பைரசோசல்ஃபூரான், பென்சல்ஃபூரான், பிஸ்பைரிபேக், மெட்சல்ஃபூரான் எல்லாம் 2, சைஹாலோஃபாப் 1, 2,4-டி 4. மூன்றாம் நாள் பைரசோசல்ஃபூரானும் இருபதாம் நாள் பிஸ்பைரிபேக்கும் தெளிப்பவர் இரண்டு மருந்து மாற்றியதாக எண்ணுவார். உண்மையில் ஒரே வகையை இருமுறை அடித்திருக்கிறார். முதலில் பிரெட்டிலாகுளோர் இட்டவருக்கே அடுத்ததாகப் பிஸ்பைரிபேக் பொருத்தம்.

நட்ட 35 முதல் 40 நாளில் கடைசியாக ஒருமுறை வயலுக்குள் இறங்கி, தப்பி நிற்கும் குதிரைவாலிகளை வேரோடு பிடுங்கி வரப்புக்கு வெளியே கொண்டு போய்விடுங்கள். மருந்துக்குத் தப்பிய செடியின் விதை மண்ணில் விழுந்தால், மருந்துக்கு அசையாத பரம்பரை அங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே கதிர் முற்றும் முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். எந்த வயலில் எந்த நாள் எந்த வகை எண் கொண்ட மருந்து இட்டீர்கள், எந்தக் களை தப்பியது என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த பருவத்துக்கு மருந்து வாங்கச் செல்லும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம்.